கணக்கை முடக்கும் செயலி... காரணம் கேட்கும் 'உபுண்டு'!

காலையில் காரைத் துடைத்துவிட்டு, செல்போனில் செயலியைத் திறக்கிறார் ஓட்டுநர். 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்கிறது திரை. என்ன தவறு என்று கேட்க எதிரில் ஆளே இல்லை. கார் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

தென்னாப்பிரிக்காவில் இப்படிக் கணக்கு முடக்கப்பட்ட ஊபர் ஓட்டுநர்கள் சிலர், 'இது நியாயமற்ற பணிநீக்கம்' என்று முறையிட்டார்கள். 2017-ல் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையம், 'அவர்கள் ஊழியர்களே' என்றது. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தது உள்ளூர் ஊபர் நிறுவனத்தின் மீது. ஓட்டுநர்களோடு ஒப்பந்தம் போட்டதோ நெதர்லாந்து நிறுவனம். 2018 ஜனவரியில் தொழிலாளர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. முதலாளி யார் என்பதே சிக்கலாகிவிட்டது!

பழைய அறம்

இதே மண்ணில் தலைமுறைகளாகப் புழங்கும் அறம் 'உபுண்டு'. 'மனிதர் மனிதராவது மற்ற மனிதர்களால்தான்' என்பது அதன் சாரம். 1995-ல் மரண தண்டனையை ஒழித்த அரசியல் சாசன நீதிமன்றம், தன் தீர்ப்பில் உபுண்டுவையும் சுட்டிக்காட்டியது. கொலைக் குற்றவாளிக்கே மனித மதிப்பு உண்டு என்றால், ஸ்டார் குறைந்துபோன ஓட்டுநருக்கு இல்லையா?

செயலிக்கு என்ன பாடம்?

* கணக்கை முடக்கும் முன் காரணம் சொல்ல வேண்டும். இயந்திரம் அல்ல, ஒரு மனிதர் அவர் தரப்பைக் கேட்க வேண்டும்.

* கட்டணமும் கமிஷனும் மாறும்போது, உழைப்பவர்களுக்கும் அதில் குரல் வேண்டும்.

* விபத்தோ நோயோ வந்தால் நிறுவனமும் தோள் கொடுக்க வேண்டும். 'ஸ்டாக்வெல்' என்ற சீட்டுக் குழுக்கள் மூலம் தென்னாப்பிரிக்கக் குடும்பங்கள் சாவு வீட்டுச் செலவைக்கூடப் பகிர்ந்துகொள்கின்றன. லாபம் பார்க்கும் நிறுவனம் மட்டும் ஒதுங்கி நிற்கலாமா?

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சொல்லியே கூலியைக் குறைக்கும் முதலாளிகளும் உண்டு. அது உபுண்டு ஆகாது. குடும்பம் என்றால் கஷ்டத்தில் மட்டுமல்ல, வரவிலும் பங்கு வேண்டும்.

அந்தப் பங்கு தானாக வராது என்பது கென்யத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபேஸ்புக், டிக்டாக், சாட்ஜிபிடி ஆகியவற்றுக்காக ஆபாசத்தையும் வன்முறையையும் சலித்தெடுக்கும் வேலை செய்த 150-க்கும் மேற்பட்டவர்கள், 2023 மே 1 அன்று நைரோபியில் கூடித் தொழிற்சங்கம் தொடங்க முடிவெடுத்தார்கள். ஆளுக்கொரு திரையின் முன் தனித்தனியாக உட்கார வைக்கப்பட்டவர்கள், அன்று ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்தார்கள்.

உபுண்டு தொடங்குவது அங்கேதான்.