கொம்பு முந்தியோ, ககரம் முந்தியோ?

இம்மலருக்கென நாம் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பிய கட்டுரை, மலர்க்குழுவினரின் கணனியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றிற்று. இருபதாண்டு தமிழ் கற்பித்த எமக்கு நாணமே மிஞ்சிற்று. பாமினியில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்கள் குடியமர்த்தப்பட்டுள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணனி ஆங்கிலத்தையே காட்டும். 1991இல் வெளிவந்த யூனிக்கோட் முறையிலோ தமிழுக்குத் தனியிடம் உண்டு.

அதற்கு மாறியும் இடர் தீர்ந்ததில்லை. விண்டோசின் தமிழ் விசைப்பலகையில் 'கெ' என எழுதப் புகுந்து, பழைய தட்டச்சுப் பழக்கத்தாற் கொம்பை முதலில் இட்டோம். அது புள்ளிவட்டமொன்றைப் பற்றியபடி தனித்து நின்றது. "முதலில் ககரத்தைத் தட்டுங்கள், சேர்" என்றான் எம் மாணவனொருவன். எழுத்தில் கொம்பு முன்னிற்பினும், உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாகும் என்பது நாம் ஆண்டுதோறும் ஓதுவிக்கும் நன்னூல் விதியன்றோ! அவனை அருகிருத்தி இக்கட்டுரையை மீளத் தட்டினோம்.