மருந்தாகக் கொடுக்கப்படும் மதுவும் போதகரின் பொறுப்பும்

மதுப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்பும் ஒருவர் போதகரை நாடி வரும்போது, அன்றே குடியை விட்டுவிடுவதாக அவரைப் பொருத்தனை செய்விப்பது நம் சபைகளில் நெடுநாள் வழக்கமாகும். ஆண்டிறுதி இரவு ஆராதனையிலும், லெந்து நாட்களின் தொடக்கத்திலும், நற்செய்திக் கூட்டங்களின் முடிவிலும் இத்தகைய பொருத்தனைகள் மிகுதி. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் நம்மோடு வாழும் பிற சமயத்தாரிடமும் இதற்கு ஒப்பான வழக்கங்கள் உள்ளன. கார்த்திகை முதல் நாளில் மாலை அணிவோர் அன்றே குடியை நிறுத்துகின்றனர். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துவோரும் உளர். இந்த மனவுறுதி போற்றத்தக்கதே. எனினும், பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரின் உடல் அவ்வுறுதியை எவ்வாறு ஏற்கிறது என்பதைப் போதகர் அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடில், நல்ல பொருத்தனையே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இதனோடு இணைந்த மற்றொரு வினா, மருத்துவமனையில் நோயாளிக்கு மதுவையே மருந்தாகக் கொடுப்பது தகுமா என்பதாகும். இவ்விரண்டையும் இங்கு ஆராய்வோம்.

1. உடலில் நிகழ்வது யாது?

மூளையில் கிளர்ச்சியை அடக்கும் ஆற்றலும் அதனைத் தூண்டும் ஆற்றலும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கின்றன. மது அடக்கும் ஆற்றலுக்குத் துணைபோகிறது. நாள்தோறும் மது உட்செல்லும்போது, மூளை தூண்டும் ஆற்றலைப் பெருக்கிக்கொண்டு ஒரு புதிய சமநிலையை உண்டாக்குகிறது. மது திடீரென நின்றால், பெருகிய தூண்டுதலை அடக்க ஒன்றுமில்லாமற் போகிறது. குடி நின்று 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றுகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குக் கடுமையான நடுக்கச் சன்னி காண்கிறது. ஆங்கில மருத்துவர் தாமஸ் சட்டன் 1813இல் டெலிரியம் டிரெமன்ஸ் எனப் பெயரிட்டு விளக்கியது இதனையே. தக்க மருத்துவம் இல்லாத காலத்தில் இந்நிலையை அடைந்தோரில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததுண்டு. இன்று சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாகவே இறக்கின்றனர்.

நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் நாம் இதனை மருத்துவமனைகளில் காண்கிறோம். கால் முறிவுக்காகச் சேர்க்கப்பட்டவர் மூன்றாம் நாள் இரவில் சுவரிற் பூச்சிகள் ஊர்வதாகக் கூறுகிறார். கையிலுள்ள ஊசியைப் பிடுங்குகிறார். உற்றாரை அடையாளம் அறியார். வீட்டார் இதனைப் பேயின் செயலென்று எண்ணிப் போதகரை அழைக்கின்றனர். வேறு சிலர் குளிர்பானப் புட்டியில் மதுவை மறைத்துக் கொண்டுவந்து கொடுக்கின்றனர். அவர் குடிப்பவர் என்பதை மானம் கருதி மருத்துவரிடம் முதல் நாளில் மறைத்ததே இதற்கெல்லாம் தொடக்கம்.

2. மது மருந்தாகுமா?

மறைவாகக் கொடுத்த மதுவால் நடுக்கம் தணிவது உண்மையே. பழகிய பொருள் திரும்பி வந்ததால் மூளை அமைதியடைகிறது. இக்காரணம் பற்றியே மேனாட்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவுகள் சிலவற்றில், குடிப்பழக்கமுள்ள நோயாளிகளுக்கு மது வாய்வழியாகவோ இரத்தக் குழாய் வழியாகவோ அளந்து கொடுக்கப்பட்டது. எனினும் அது நல்ல மருந்தன்று. அதன் ஆற்றல் விரைவில் தீர்ந்துவிடுவதால் அடிக்கடி கொடுக்க வேண்டும். குறையும் அளவுக்கும் மிகும் அளவுக்கும் உள்ள இடைவெளி சிறிது. ஈரலையும் இரைப்பையையும் அது மேலும் கெடுக்கிறது.

1960இல் விற்பனைக்கு வந்த குளோர்டயஸிபாக்சைடு என்னும் மருந்து இந்நிலையை மாற்றியது. 1969இல் வெளியான அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வில், இம்மருந்தைப் பெற்றோருக்கு வலிப்பும் சன்னியும் குறைவாகவே கண்டன. இம்மருந்தும், இதன் இனத்தைச் சேர்ந்த டயஸிபாம், லோரஸிபாம் ஆகியனவும் மது செய்த வேலையையே செய்கின்றன. ஆயினும் மெல்லமெல்ல அளவைக் குறைத்துச் சில நாட்களில் நிறுத்திவிட இயலும். இவற்றோடு தையமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் கொடுக்கப்படுகிறது. அது குறைவுபட்டால் நினைவாற்றல் நிலையாகக் கெடக்கூடும்.

ஒரு நிலையில் மட்டும் மது உண்மையாகவே உயிர்காக்கும் மருந்தாகிறது. கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால், உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் போக்குகிறது. மருத்துவர் அளந்து கொடுக்கும் தூய எத்தனால் அம்மாற்றத்தைத் தடுக்கிறது. ஃபோமெபிசோல் என்னும் மருந்தும் இதற்கு உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த துயரம் இவ்வறிவின் தேவையை உணர்த்துகிறது.

3. கேரளத்தில் எழுந்த வழக்கு

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் மூடப்பட்டபோது, இவ்வினா பொதுவினாவாயிற்று. கேரளத்தில் மது கிடைக்காமையால் தற்கொலைகள் நிகழ்ந்ததாகச் செய்திகள் வந்தன. மார்ச் 30 அன்று அம்மாநில அரசு, அரசு மருத்துவரின் சீட்டைக் கலால் அலுவலகத்தில் காட்டுவோருக்கு மது வழங்கலாம் என ஆணையிட்டது. அரசு மருத்துவர் சங்கமும் இந்திய மருத்துவச் சங்கமும் இதனை எதிர்த்தன. நோய்க்கு மருந்து இருக்க, நோய்க்குக் காரணமானதை எழுதித்தருவது மருத்துவமன்று என்பது அவர்கள் வாதம். ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் அவ்வாணையை மூன்று வாரங்களுக்கு நிறுத்திவைத்தது.

ஆயினும் அரசின் அச்சம் பொய்யன்று. அதே ஏப்ரலில், திருச்சிக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்தில், மது கிடைக்காத மீனவர் மூவர் சவரத்திற்குப்பின் தடவும் திரவத்தைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து இறந்தனர். மருத்துவர் கூறியதும் உண்மை, மக்கள் மாண்டதும் உண்மை. மருந்து இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது இருக்கும் இடத்திற்கு அம்மனிதரைக் கொண்டுசேர்ப்பார் வேண்டும். கடைகளை மூடுவோரும் பொருத்தனை செய்விப்போரும் இப்பொறுப்பிலிருந்து நீங்க முடியாது.

4. போதகர் செய்யவேண்டுவது

வேதம் இப்பொருளில் ஒரே குரலில் பேசுவதாக எண்ணலாகாது. மதுவெறியைக் கடிந்துகொள்ளும் நீதிமொழிகளே, மடிந்துபோகிறவனுக்கு மதுவைக் கொடுப்பதைப் பற்றியும் 31ஆம் அதிகாரத்தில் பேசுகிறது. நல்ல சமாரியன் காயத்தில் திராட்சரசத்தை வார்த்தான். எனினும் அதோடு நில்லாமல் காயப்பட்டவனைச் சத்திரத்திற்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். நம் ஊழியத்திற்கும் இதுவே முறை.

ஆகவே, பொருத்தனைக்கு முன் போதகர் சிலவற்றைக் கேட்டறிதல் நலம்: எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார்? காலையில் எழுந்தவுடன் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? கடைசியாகக் குடித்தது எப்போது? இவற்றின் விடைகள் ஆபத்தைக் காட்டுமாயின், தாமாகவே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல், முதலில் மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். திருச்சியில் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளை நாடலாம். வலிப்போ பிதற்றலோ தொடங்கிவிட்டால் 108ஐ அழைப்பதில் தாமதம் கூடாது. வேறு நோய்க்காகச் சேர்க்கப்படுபவரின் வீட்டாரிடம், குடிப்பழக்கத்தை முதல் நாளே மருத்துவரிடம் மறையாமற் சொல்லும்படி அறிவுறுத்த வேண்டும். திருவரங்கம் போல ஒருவரையொருவர் அறிந்த ஊர்களில் மானம் காக்கும் எண்ணம் வலியது. அங்கு போதகரே உடன் சென்று பேசுவது பேருதவியாகும்.

உடல் தெளிந்தபின் மனம் தெளிவதற்கு மாதங்கள் ஆகும். 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் போன்றவை, குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சை அளிக்கின்றன. சபையின் ஜெபமும் தோழமையும் அக்காலத்திற்கு மிகத் தேவை. பொருத்தனைக்கும் அங்கு இடமுண்டு. நடுக்கம் நின்று, தெளிந்த மனத்தோடு ஒருவர் செய்யும் பொருத்தனையே நிலைநிற்கத்தக்கது. அதுவரை அவருடைய கட்டிலருகே இருப்பது போதகரின் ஊழியமாகும்.