படம் வந்தது, ஒலி எங்கே?

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாகியது 1979ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலாகும். 1982ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ரூபவாஹினியும் தன் சேவையைத் தொடங்கிற்று. அக்காலத்திலே பெட்டியுள்ள வீட்டின் விறாந்தையில் அயலவரெல்லாம் கூடியிருந்து பார்த்தும் கேட்டும் மகிழ்ந்தனர். படமும் ஒலியும் வந்த வழி ஒன்றே. கூரைமேல் நின்ற அன்ரெனாவைச் சரியான திசைக்குத் திருப்பிவிட்டால் இரண்டும் ஒருங்கே வந்து சேர்ந்தன.

இன்றோ தொலைக்காட்சிப் பெட்டி வானலையை மட்டும் நம்பி வாழவில்லை. கணினிக்கும் அது திரையாகிவிட்டது. 2020ஆம் ஆண்டில் நோய்ப் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கணினி வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் வீடு தேடி வந்தன. சிறு திரையை மூன்று பிள்ளைகள் முண்டியடித்துப் பார்ப்பதிலும், கூடத்திலுள்ள பெரிய திரையில் இருந்து பார்ப்பது நன்றெனப் பல பெற்றோர் கருதினர். கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளையின் அரங்கேற்றத்தையும் உறவினர் திருமணத்தையும் அவ்வாறே காண விரும்பினர் முதியோர்.

கம்பியைப் பூட்டினார்கள், படமும் பளிச்சென்று வந்தது. ஆனால் ஒலியோ பெட்டியில் வரவில்லை. மடிக்கணினியின் வாயினின்றே ஈனக் குரலில் வந்தது. செவிப்புலன் குன்றிய பாட்டி பேத்தியின் காலசைவைக் கண்டார். சதங்கை ஒலியைக் கேட்டாரில்லை. பின்வரிசையிலிருந்த பிள்ளை ஆசிரியர் எழுதுவதைக் கண்டது, விளக்கத்தைக் கேட்டதில்லை. 'பெட்டி பழுது' என்றார் ஒருவர். 'புதிது வாங்குக' என்றார் இன்னொருவர். பெரும்பாலான வீடுகளில் பெட்டியும் பழுதன்று, கணினியும் பழுதன்று என்பதே உண்மை. ஒலி செல்லும் வழியை அறியாமையே குறை. அவ்வழியை ஈண்டு வாசகர்களுடன் சேர்ந்து நடந்து பார்ப்போம்.

கிணறும் வாய்க்காலும் பாத்தியும்

எமது தோட்டங்களிலே துலா மிதித்து நீர் இறைத்த காலம் போய், இயந்திரம் இறைக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் வாய்க்காலும் பாத்தியும் மாறவில்லை. ஒரு பாத்திக்கு நீர் வரவில்லையென்றால் தோட்டக்காரர் என் செய்வார்? கிணற்றில் நீர் உண்டா என்று பார்ப்பார். வாய்க்கால் உடைந்ததா என்று பார்ப்பார். மடை வேறு பாத்திக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். எடுத்த எடுப்பில் புதுக் கிணறு தோண்ட எவரும் புறப்படார்.

கணினி கிணறு; கம்பி வாய்க்கால்; தொலைக்காட்சி பாத்தி. கணினியினுள்ளே ஒலியை எத்திசைக்கு விடுவது என்று தீர்மானிக்கும் அமைப்பே மடை. இந்நான்கையும் ஒழுங்காகப் பார்த்துவரின் குறை எங்குள்ளது என்பது வெளியாகும்.

எல்லாக் கம்பியும் ஒலி சுமப்பதில்லை

முதலில் வாய்க்காலைப் பார்ப்போம். பழைய கணினிகளின் பின்புறத்தில் மூன்று வரிசையில் 15 துளைகள் கொண்ட நீலநிறத் துறை ஒன்றைப் பலர் கண்டிருப்பர். அது வீ.ஜீ.ஏ. எனப்படும். 1987ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனம் தன் கணினிகளில் அறிமுகஞ் செய்தது. அது படத்தை மட்டுமே சுமக்கும்; ஒலிக்கென ஓர் இழைதானும் அதில் இல்லை. 1999ஆம் ஆண்டில் வந்த டீ.வீ.ஐ. என்பதும் படத்துக்கென்றே வகுக்கப்பட்டது. இவ்விரண்டில் ஒன்றைப் பூட்டிவிட்டு ஒலியை எதிர்பார்ப்பது, தபாற்காரர் கொண்டுவராத கடிதத்துக்கு அவரைக் கோபிப்பது போலாகும்.

இவற்றைப் பயன்படுத்துவோர் ஒலிக்கென வேறொரு வயரைப் பூட்டுதல் வேண்டும். கணினியில் தலையணி ஒலிவாங்கும் 3.5 மில்லிமீற்றர்த் துளையிலிருந்து, தொலைக்காட்சியின் ஒலி உள்வரும் துளைக்கு அது செல்லும். பெட்டியில் வட்டத் துளைகள் இருப்பின் வெள்ளை இடப்புற ஒலிக்கும், சிவப்பு வலப்புற ஒலிக்கும், மஞ்சள் படத்துக்கும் உரியன.

மூன்றாவது வகையே இன்று பெருவழக்காயுள்ள எச்.டி.எம்.ஐ. 2002ஆம் ஆண்டு மார்கழியில் இதன் முதல் விதிமுறை வெளிவந்தது. சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிற்றாச்சி முதலிய நிறுவனங்கள் கூடி இதனை வகுத்தன. 19 ஊசிகள் கொண்ட இச்சிறு செருகி படத்தையும் ஒலியையும் ஒருங்கே சுமக்கின்றது.

இடைவெளியில் ஏறிவரும் ஒலி

அந்தப் 19 ஊசிகளுள் ஒலிக்கென்று ஒதுக்கப்பட்டவை எத்தனை என்று மாணவர் வினவலாம். ஒன்றுமில்லை என்பதே விடை! அங்ஙனமாயின் ஒலி எவ்வாறு செல்கின்றது?

பழைய தொலைக்காட்சியில் கதோட்டுக் கதிர்க் குழாய் இருந்தது. இலத்திரன் கற்றை திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் சென்று ஒரு கோடு வரையும். அடுத்த கோட்டை வரைய அது மீண்டும் இடப்புறம் திரும்ப வேண்டும். அடிக்கோடு முடிந்தால் மேலே செல்ல வேண்டும். உழவர் ஒரு சால் முடிந்து ஏரைத் திருப்ப நேரம் வேண்டுவது போன்றது இது. அத்திரும்பும் நேரத்தில் படம் அனுப்பப்படுவதில்லை.

குழாய்ப் பெட்டிகள் மறைந்து தட்டைத் திரைகள் வந்த பின்னரும் அவ்விடைவெளி மறையவில்லை. இன்று வழக்கிலுள்ள 1920க்கு 1080 புள்ளி கொண்ட படத்தை எடுத்துக்கொள்வோம். கம்பியிலே ஒரு படத்துக்குரிய நேரம் 2200க்கு 1125 புள்ளிகளுக்குரியதாக வகுக்கப்பட்டுள்ளது. பெருக்கிப் பார்ப்பின் 2,475,000 புள்ளிகளுக்கு நேரம் உண்டு. படத்துக்கு வேண்டியவையோ 2,073,600 மாத்திரமே. மிகுதி 401,400, அஃதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்திலேதான் ஒலி சிறுசிறு பொதிகளாகக் கட்டப்பட்டு ஏறிச் செல்கின்றது.

ஒலிக்கு வேண்டிய இடமும் சிறிதே. ஒலியலையை ஒரு செக்கனுக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்களால் எழுதி, இடம் வலம் இரண்டுக்கும் கணக்கிட்டால், செக்கனுக்கு 1,536,000 துணுக்குகள் வரும். படத்தின் பெருவெள்ளத்துக்கு முன் இது ஒரு சிற்றோடையே.

பெட்டியைக் கேட்கும் கணினி

கம்பியைப் பூட்டியவுடன் கணினி ஒரு காரியம் செய்கின்றது. 'நீ யார்? எவ்வளவு பெரிய படம் காட்டுவாய்? ஒலி வாங்குவாயா?' எனப் பெட்டியை வினவுகின்றது. பெட்டி தன்னுள் எழுதிவைக்கப்பட்ட விபரத்தை மறுமொழியாக அனுப்புகின்றது. 'ஒலி வாங்குவேன்' என்னும் சொல் அவ்விபரத்தில் கிடையாவிடின், கணினி பெட்டியை வெறுந்திரையாகக் கொண்டு படத்தை மட்டுமே அனுப்பும்.

மலிவான இணைப்பிகளையும் பிரிப்பிகளையும் இடையில் பூட்டும்போது இம்மறுமொழி சிலவேளை சிதைந்துவிடுகின்றது. ஆதலின் ஐயம் வரின் இடைப்பொருள்களை எல்லாம் அகற்றிவிட்டு, ஒரே கம்பியால் நேராகப் பூட்டிப் பார்த்தல் வேண்டும். தொலைக்காட்சியை முதலில் இயக்கி, பின்னர் கம்பியைப் பூட்டுவதும் பயன் தரும். டீ.வீ.ஐ. துறையிலிருந்து இணைப்பி வைத்து எச்.டி.எம்.ஐ.க்குக் கொண்டுவருவோரும் பெரும்பாலும் படத்தையே பெறுவர். 2007ஆம் ஆண்டை அண்டிய காலத்துப் படஅட்டைகள் சிலவற்றுக்கு, கணினியின் பெட்டிக்குள்ளேயே தாய்ப்பலகையிலிருந்து ஒலிக்கெனச் சிறு வயர் ஒன்றைப் பூட்ட வேண்டியிருந்தது என்பதையும் பழைய கணினி வைத்திருப்போர் மனங்கொள்க.

மடையைத் திருப்புதல்

கம்பி சரியாக இருந்தும் ஒலி வராவிடின் மடையைப் பார்த்தல் வேண்டும். வீடுகளிற் காணப்படும் குறைகளுட் பெரும்பாலானவை இவ்விடத்திலேயே உள்ளன.

விண்டோஸ் கணினியில் திரையின் வலப்புற அடிமூலையில் ஒலிபெருக்கியின் சிறு உருவம் இருக்கும். அதனை அழுத்தி, ஒலியளவுக் கோட்டின் அருகேயுள்ள அம்புக்குறியையும் அழுத்தினால், ஒலி செல்லக்கூடிய இடங்களின் பட்டியல் தோன்றும். அதில் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவு செய்தல் வேண்டும். ஆப்பிள் கணினியில் அமைப்புகளுட் சென்று, ஒலி என்னும் பகுதியில் வெளியீட்டை மாற்றலாம். அங்கே எச்.டி.எம்.ஐ. வழியே ஒலி செல்லும்போது கணினியின் ஒலியளவு விசைகள் பெரும்பாலும் பயன்படா. தொலைக்காட்சியின் ரிமோட்டினாலேயே கூட்டிக் குறைக்க வேண்டும். லினக்ஸ் கணினியிலும் ஒலி அமைப்பினுள் எச்.டி.எம்.ஐ. என்பதைத் தெரிவு செய்தல் போதும்.

பட்டியலில் தொலைக்காட்சியின் பெயரே இல்லையெனின், மேற்கூறிய மறுமொழி வந்து சேரவில்லை. அல்லது படஅட்டைக்குரிய ஒலிச் செயலி கணினியில் நிறுவப்படவில்லை. உற்பத்தி செய்தவரின் செயலியை நிறுவினால் பெயர் தோன்றும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. சூம் போன்ற வகுப்புச் செயலிகள் தமக்கெனத் தனி மடை வைத்திருக்கின்றன. கணினியின் ஒலியை மாற்றிய பின்னரும் பாடம் பழைய வழியே பேசுமாயின், அச்செயலியின் ஒலி அமைப்பினுள்ளும் ஒலிபெருக்கியை மாற்றுதல் வேண்டும். ஒலிவாங்கி கணினியிலேயே இருக்கட்டும். தொலைக்காட்சியின் சத்தத்தை மிகக் கூட்டினால் அது ஒலிவாங்கியுட் புகுந்து ஆசிரியருக்கே எதிரொலிக்கும் என்பதை மறவற்க.

திரைப்படத்துக்கு மட்டும் ஒலியின்றி, ஏனையவை நன்றாகக் கேட்குமாயின், அப்படத்தின் ஒலி பெட்டிக்குத் தெரியாத முறையில் எழுதப்பட்டிருத்தல் கூடும். ஒலி வெளியீட்டை இரு வழிப் பீ.சி.எம். என்பதற்கு மாற்றினால் கணினியே அதனை விரித்துக் கொடுத்துவிடும்.

முந்தும் ஒலியும் முரலும் ஒலியும்

ஒலியைத் தனி வயரால் அனுப்புவோருக்கு வேறிரண்டு தொல்லைகள் நேர்வதுண்டு.

ஒன்று, ஒலி படத்துக்கு முந்துதல். தொலைக்காட்சி படத்தைத் திருத்தி அழகுபடுத்தச் சிறிது நேரம் எடுக்கின்றது. தனிவழியே வந்த ஒலி அதற்குக் காத்திராது பேசிவிடுகின்றது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி செக்கன் முந்தினாலே மனிதர் அதை உணர்வர். பிந்தினாலோ 125 மில்லி செக்கன் வரை உணரார். இந்த வேற்றுமைக்குக் காரணம் தேடத் தூரம் செல்ல வேண்டியதில்லை. குளத்தின் அக்கரையில் ஒருவர் கல்லில் துணி துவைப்பதைப் பாருங்கள். அடி கண்ணுக்கு முன்னர்த் தெரியும். ஓசை பின்னர்க் கேட்கும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் தூரமே செல்வதால் பிந்தி வரும் ஒலி எமக்குப் பழக்கமானது. முந்தி வரும் ஒலியோ இயற்கையில் இல்லை. பெட்டியின் அமைப்பில் விளையாட்டுக்குரிய முறையைத் தெரிவு செய்தால் படத் திருத்தம் குறைந்து இரண்டும் நெருங்கிவரும்.

மற்றது, வண்டு முரல்வது போன்ற இரைச்சல். கணினியும் தொலைக்காட்சியும் வெவ்வேறு வழியாகப் புவியோடு தொடுக்கப்படும்போது, எமது வீட்டு மின்சாரத்தின் 50 ஹேட்ஸ் அதிர்வு ஒலி வயரினுட் புகுந்துவிடுகின்றது. மடிக்கணினியின் மின்னேற்றியைச் சற்றே கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் இதுவே. இரு கருவிகளையும் ஒரே மின்செருகுப் பலகையிற் பூட்டுதல் பெரும்பாலும் பரிகாரமாகும். சிலர் மூன்றாவது ஊசியாகிய புவித்தொடுப்பை வெட்டிவிட்டு இரைச்சலை நிறுத்துகின்றனர். இது உயிருக்கு ஆபத்தான செயல். 230 உவோல்ற்று மின்சாரம் கருவியின் உலோக உடலிற் கசியும் நாளில் எம்மைக் காப்பது அந்த ஊசியே. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த ஊசியை இழத்தலாகாது.

மாணவர்க்கு ஒரு சொல்

புதிய கருவிகள் எம் வீட்டுக்கு வரும் வேகத்தில் அவற்றைப் பற்றிய அறிவு வருவதில்லை. அறிவு வராத இடத்திலே பணம் வெளியே செல்கின்றது. பழுதில்லாத பெட்டியை ஒதுக்கிப் புதியதை வாங்கும் குடும்பம், அப்பணத்தால் ஒரு பிள்ளையின் புத்தகங்களை வாங்கியிருக்கலாம்.

வீட்டிலே இவற்றை விளங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் மாணவராகிய நீங்களே. பௌதிக நூலிற் கற்ற மீடிறனும் புவித்தொடுப்பும் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுவன அல்ல. ஒரு பொருள் இயங்காதபோது 'இது கெட்டுவிட்டது' என்று தீர்ப்பளியாது, 'எவ்விடம் வரை வந்தது? எவ்விடத்தில் நின்றது?' என்று கேட்டுப் பழகுங்கள். கணினியிலிருந்து பெட்டி வரை அக்கேள்வியோடு செல்லும் பிள்ளை உள்ள வீட்டில், பேத்தியின் சதங்கை ஒலி பாட்டியின் செவிக்குத் தடையின்றி வந்து சேரும்.