முப்பாட்டன் விட்ட இரண்டு எழுத்து

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு நிரந்தர பயம் உண்டு. பேரேட்டில் நாலாம் பக்கத்தில் ஒரு ஸைபர் விட்டுப்போயிருக்கும். அந்தத் தப்பு பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டே வந்து வருஷக் கடைசியில் ஆடிட்டர் முன்னால் பல்லிளிக்கும். ரத்தத்திலும் இப்படி ஒரு பேரேடு உண்டு என்று படித்தபோது கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் மட்டும் பாட்டி, அம்மா, மகள் என்று ஏன் தொடர்கிறது? காரணமான ஜீன் 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-ல் காட்டினார் மேரி க்ளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1994-ல் ஜீனே அகப்பட்டது. பெயர் பி.ஆர்.சி.ஏ.-1. டி.என்.ஏ.வில் விழும் கிழிசலைத் தைப்பது அதன் உத்தியோகம். தையற்காரன் படுத்துவிட்டால், எண்பது வயதுக்குள் நூறு பெண்களில் சுமார் எழுபது பேருக்கு நோய்.

இதில் பிரபலமான பிழை ஒன்று. ஏ, ஜி என்று இரண்டே எழுத்து காணவில்லை! ஜீனை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். இரண்டு விட்டுப்போனால் அதற்கப்புறம் அத்தனையும் உளறல்தான். ஐரோப்பிய வம்சாவளி யூதர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவரிடம் இந்தப் பிழை இருக்கிறது. ஈராக் யூதர்களிடமும் இருக்கிறது. ஆக, அவர்கள் திசைக்கொருவராகச் சிதறுவதற்கு முன்பே யாரோ ஒரு முப்பாட்டனிடமோ பாட்டியிடமோ தொடங்கியது. சின்னக் கூட்டம், உள்ளுக்குள்ளேயே கல்யாணம். பிழை பத்திரமாகத் தங்கிவிட்டது.

வேடிக்கை இனிமேல்தான். அமெரிக்காவில் கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், ஸ்பானிய வம்சாவளிக் கத்தோலிக்கர்களிடமும் அதே பிழை! 1492-ல் ஸ்பெயின், 'மதம் மாறு, இல்லையேல் வெளியேறு' என்று யூதர்களை விரட்டியது. மாறியவர்களின் வாரிசுகள் சிலர் கடல் தாண்டியிருக்க வேண்டும். மதம் மாறியது, பாஷை மாறியது. கணக்குப் பிழை மட்டும் மாறவில்லை.

'நமக்கென்ன சார்?' என்கிறீர்களா? இதே பிழை ஓர் இந்தியக் குடும்பத்திலும் இருப்பதாக 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. அது யூதர்களிடமிருந்து வந்ததல்ல, இங்கேயே தனியாக விழுந்த பிழையாம்.

இன்னொன்று. இது பெண்கள் சமாசாரம் என்று நாம் நழுவ முடியாது. பிழையுள்ள அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு, மகனானாலும் மகளானாலும். அவருக்கு ஒன்றும் வராமலே கைமாற்றி விட்டுப் போகலாம். ஆகவே அத்தைக்கு வந்த நோயும் நம் கணக்கில் சேர்த்தி.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். 'அத்தை எதில் போனாங்க?' என்றால் மட்டும் வீடே ஊமையாகி விடுகிறது, பெண்ணுக்கு வரன் அமையாதே என்று. அந்த மௌனத்தில்தான் அடுத்த பெண்ணுக்குப் பரிசோதனை தள்ளிப் போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு அப்பாவிடம் கேளுங்கள். குடும்பத்தில் இரண்டு மூன்று பேர், அதுவும் சின்ன வயதில் என்றால், டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

பிழையை அழிக்க முடியாது. ஆனால், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்த கணக்கனுக்குப் பாதி ராத்திரியில் வியர்க்காது.