விந்தணுவின் எழுபத்து நான்கு நாள்கள்

'மலடி' என்னும் சொல் நம் ஊர்களில் வழங்கும் அளவிற்கு 'மலடன்' என்னும் சொல் வழங்குவதில்லை. இரண்டும் தமிழில் உண்டு. நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றில் திருமணமாகி ஐந்தாண்டுகள் மகப்பேறு வாய்க்கவில்லை. அவ்வைந்தாண்டுகளும் மருத்துவமனை வாயில்களில் காத்திருந்தவர் மனைவியே. கணவரையும் சோதிக்கலாம் என்னும் பேச்சு ஆறாம் ஆண்டில்தான் எழுந்தது. ஒரே நாளில் முடிந்த அச்சோதனையில் விந்தணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவு எனத் தெரியவந்தது. "அண்மையில் காய்ச்சல் ஏதும் கண்டதா?" என்று மருத்துவர் வினவினார். ஒரு மாதத்திற்கு முன் டைபாய்டு கண்டு படுத்திருந்ததைக் கணவர் கூறினார். "இப்போது மருந்து எதுவும் வேண்டா, மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். அந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். இதனை நம் இளைஞர்க்குத் தமிழில் சொல்லி வருபவை பெரும்பாலும் சுவரொட்டிகளும், விடுதி அறையில் தங்கி வைத்தியம் பார்ப்போரின் விளம்பரங்களுமே. அவை சொல்வது அச்சத்தை மட்டுமே. குருதி பல துளி சேர்ந்தே விந்து ஒரு துளி ஆகிறது என்னும் பழைய நம்பிக்கையே அவர்களுக்கு முதல். உண்மையில் விந்து வேறு, விந்தணு வேறு. விந்து என்னும் நீர்மத்தின் பெரும்பகுதியை விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் தருகின்றன. அதன் அளவில் விந்தணுக்களின் பங்கு இருபதில் ஒரு பங்கினும் குறைவே. உமிழ்நீரைப் போல அதுவும் ஒரு சுரப்பு. அதனால் உடல் உருகிப்போவதில்லை.

விந்தணுவை உலகம் அறிந்தது 1677ஆம் ஆண்டில். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியே வாலை அசைத்து நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். 1694இல் ஹார்ட்சூக்கர் என்பார், விந்தணுவின் தலைக்குள் மடங்கி அமர்ந்த குட்டி மனிதனையே வரைந்து காட்டினார்! இவை ஒட்டுண்ணிகள் என்று கருதியோரும் இருந்தனர். விந்தகத்தின் செல்களிலிருந்தே இவை உருவாகின்றன என்பதைக் கோலிக்கர் 1841இல் நிறுவினார்.

விந்தகங்கள் வயிற்றறைக்கு வெளியே தொங்குவது காரணத்தோடுதான். உடல் வெப்பத்தினும் இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவான சூழலிலேயே விந்தணுக்கள் செம்மையாக உருவாகின்றன. ஒவ்வொரு விந்தகத்தினுள்ளும் ஏறத்தாழ 250 சிற்றறைகளும், அவற்றுள் நூலினும் மெல்லிய சுருண்ட குழல்களும் உள்ளன. இக்குழல்களைப் பிரித்து நீட்டி இணைத்தால் சில நூறு மீட்டர் நீளும். குழற்சுவரின் வெளி விளிம்பில் மூலச் செல்கள் அமர்ந்துள்ளன. கருவின் தொடக்க வாரங்களில் கருவுணவுப் பையின் பக்கமிருந்து நகர்ந்து வந்து சேர்ந்தவற்றின் வழிவந்தவை அவை. பருவம் எய்தும்வரை அவை பெரிதும் உறங்கியே கிடக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பியின் இரு ஹார்மோன்கள் அவ்வுறக்கத்தைக் கலைக்கின்றன. ஒன்று, குழல்களுக்கு இடையே உள்ள லேடிக் செல்களைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. மற்றொன்று, குழலினுள் வளரும் செல்களைத் தாங்கிப் போற்றும் செர்டோலி செல்களைத் தூண்டுகிறது. செவிலித்தாய் என இவற்றை அழைத்தால் பொருந்தும்.

மூலச் செல் பிரியும்போது ஒரு பகுதி மூலச் செல்லாகவே நின்றுவிடுகிறது. எஞ்சியது விந்தணுவாகும் வழியில் செல்கிறது. முதல் போகாமலே வாணிபம் நடப்பது இதனால்தான். வழிச்சென்ற செல், தன் 46 குரோமோசோம்களையும் படியெடுத்துக்கொண்டு, தந்தைவழி வந்ததையும் தாய்வழி வந்ததையும் இணைசேர்த்து, அவற்றின் துண்டுகளை மாற்றிக்கொள்கிறது. மூன்று வாரத்திற்கும் மேலாக நீடிக்கும் இந்நிலையே முழுப் பணியிலும் நீண்டது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் வேறுபட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் இருமுறை அடுத்தடுத்துப் பிரிந்து, 23 குரோமோசோம்கள் மட்டும் கொண்ட நான்கு செல்கள் ஆகின்றது. இதுவே குன்றல் பகுப்பு. நான்கனுள் இரண்டு எக்ஸ் குரோமோசோமையும் இரண்டு ஒய் குரோமோசோமையும் பெறுகின்றன. தாயின் முட்டையில் இருப்பதோ எக்ஸ் மட்டுமே. மாவுவண்டின் விந்தணுக்களில் இவ்விரு வகை உண்டென நெட்டி ஸ்டீவன்ஸ் 1905இல் கண்டறிந்தார். பெண்மகவு பெற்றாள் என்று மருமகளைக் கடியும் மாமியார்க்கு இச்செய்தி இன்னும் எட்டவில்லை.

வியப்பான ஒன்று உண்டு. இச்செல்கள் பிரியும்போது முற்றிலும் பிரிவதில்லை. நுண்ணிய பாலங்களால் ஒன்றோடொன்று இணைந்தே வளர்கின்றன. எக்ஸ் குரோமோசோம் இல்லாத செல்லுக்கு அதன் வழியே கிடைக்க வேண்டிய பொருள்கள், உடன்பிறந்த செல்லிலிருந்து இப்பாலத்தின் வழி வந்து சேர்கின்றன.

இதன்பின் உருமாற்றம். உருண்டைச் செல்லுக்கு வால் முளைக்கிறது. தலையின்மேல் முட்டையின் உறையைத் துளைக்கும் நொதிகள் நிறைந்த தொப்பி அமைகிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் வாலின் தொடக்கத்தைச் சுற்றிக்கொள்கின்றன. மரபுப்பொருள் இறுகச் சுருட்டப்படுகிறது. வேண்டாத சுமை கழிக்கப்பட, அதனைச் செர்டோலி செல்கள் உண்டுவிடுகின்றன. எஞ்சுவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீளமுள்ள விந்தணு.

இவையெல்லாம் எத்தனை நாளில் நிகழ்கின்றன? மரபுப்பொருளைப் படியெடுக்கும் செல்கள் ஏற்கும் தைமிடினில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றிச் செலுத்தி, அது எந்நாளில் எந்நிலையில் காணப்படுகிறது என ஹெல்லரும் கிளெர்மான்டும் ஆய்ந்து 1963இல் வெளியிட்டனர். ஒரு சுற்று 16 நாள். நாலரைச் சுற்றுக்குச் சற்று மேல் ஆவதால் ஏறத்தாழ 74 நாள் என்பது அவ்வழிவந்த கணக்கு. பின்னாளைய அளவீடுகள் சிலவற்றில் இதனினும் குறைந்த நாள்களும் காணப்பட்டன. அத்துடன் முடியவில்லை. எபிடிடிமிஸ் என்னும், ஆறு மீட்டர் நீளமுள்ள சுருள் குழலில் மேலும் ஒன்றிரண்டு வாரம் பயணம் செய்தே விந்தணு நீந்தும் திறம் பெறுகிறது. பெண்ணின் உடலினுள் சில மணி நேரம் தங்கிய பின்னரே முட்டையைத் துளைக்கும் திறமும் வாய்க்கிறது. இதனைச் சாங், ஆஸ்டின் இருவரும் 1951இல் தனித்தனியே கண்டறிந்தனர்.

இனி அக்கணவரிடம் வருவோம். இன்று வெளிப்படும் விந்தணு, ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு முன் பயணம் தொடங்கியது. கடுங்காய்ச்சலின் வெப்பம், குன்றல் பகுப்பில் இருந்தவற்றையும் உருமாறிக்கொண்டிருந்தவற்றையும் தாக்கியது. மூலச் செல்கள் பிழைத்தன. அவற்றிலிருந்து புதிய வரிசை வந்துசேரும் காலமே மருத்துவர் கேட்ட தவணை. இரண்டாம் அறிக்கையில் எண்ணிக்கை, உலக சுகாதார நிறுவனம் 2021இல் குறித்த கீழளவான, மில்லிலிட்டருக்கு 1.6 கோடியைக் கடந்திருந்தது. அக்கீழளவும், அதற்குக் குறைந்தால் மகப்பேறே இல்லை என்று விதிக்கும் எல்லை அன்று. ஐந்தாண்டுகளின் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. இப்போது இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்கின்றனர்.

நம் மாணவர்க்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். தசை பெருக்குவதற்காக உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கின்றனர். குருதியில் அது மிகுந்தவுடன், போதுமெனக் கொண்டு பிட்யூட்டரி தன் இரு ஹார்மோன்களையும் நிறுத்திக்கொள்கிறது. விந்தணு வளர்வதற்கு விந்தகத்தினுள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், குருதியில் உள்ளதைப் போல் பல மடங்கு. ஊசி அந்த அளவை எட்டச் செய்வதில்லை. உள்ளூர்ச் சுரப்பும் நின்றுவிடுகிறது. ஆண்மை பெருகும் என்று நம்பிப் போட்ட ஊசியால் விந்தணு எண்ணிக்கை சுழியாகவும் கூடும். ஊசியை நிறுத்திய பின் அது மீளப் பல மாதங்கள் ஆகும். சிலர்க்கு ஓராண்டிற்கு மேலும் ஆகிறது.