கழற்றி விட்ட அணிக்கே 'ஆப்பு' வைத்த வாலிபர்!
செங்கல் விற்றவர் ஒரே உதையில் உயர்ந்தார்

அமெரிக்காவில் செங்கல் விற்ற வாலிபர், ஒரே உதையில் பெரிய அணிக்குள் நுழைந்தார். பெயர் ஜேக் பேட்ஸ்.

அங்கே கால்பந்து என்றால் நம்ம ஊர் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம். அதில் பெரிய லீக் என்.எப்.எல். 2023-ல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி இவரைச் சேர்த்தது. சீசன் தொடங்கும் முன்பே கழற்றி விட்டது. வயிற்றுப்பாட்டுக்கு? செங்கல் விற்கும் வேலை!

இன்னொரு வாசல்

இப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு வாசல், வசந்த கால லீக். 2 சிறு லீக்குகள் இணைந்து, 2024-ல் 8 அணிகளுடன் யு.எப்.எல். தொடங்கியது. பேட்ஸ், மிச்சிகன் பாந்தர்ஸ் அணியில் சேர்ந்தார்.

மார்ச் 30-ந்தேதி, டெட்ராய்டில் முதல் ஆட்டம். கடைசி நொடிகள். தூரம் 64 கெஜம்! உதைத்தார், பந்து உள்ளே. ஆனால் எதிரணி அதற்குள் 'டைம் அவுட்' கேட்டுவிட்டதால் செல்லாது. "மறுபடி உதைப்பா!" என்ற நிலை. மறுபடியும் உதைத்தார். மறுபடியும் உள்ளே! 18-16 வெற்றி.

கணக்கு தீர்ந்தது

அதே ஆண்டு என்.எப்.எல். அணியான டெட்ராய்டு லயன்ஸ் இவரை எடுத்தது. நவம்பர் 10-ந்தேதி ஹூஸ்டனில் ஆட்டம். எதிரே, கழற்றி விட்ட அதே டெக்சன்ஸ்! கடைசி நொடியில் 52 கெஜத்தில் இருந்து உதைத்தார் பேட்ஸ்.

லயன்ஸ் 26, டெக்சன்ஸ் 23.