தோட்டத்துக் கணக்கும் வார்டுக் கணக்கும்

திருப்பூருக்கு வடமேற்கே, அவிநாசி சாலைப் பக்கம் இருக்கும் வேலம்பாளையத்தை அரசுத் தாள்களில் ‘15 வேலம்பாளையம்’ என்று எழுதுவார்கள். வடக்கே நல்லாறு, தெற்கே நொய்யல், இரண்டுக்கும் நடுவே மெல்ல ஏறி இறங்கும் மேட்டு நிலம். மேற்கே உள்ள மலைத்தொடரின் மழை மறைவில் இருப்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான் மழை. அன்றைக்கும் இன்றைக்கும் மாறாதவை அந்த மேடும் இந்த மழையும்தான்.

1901 கணக்கெடுப்பில் திருப்பூரின் மக்கள்தொகையே 6,056தான். சுற்றியிருந்த பாளையங்கள் அதைவிடச் சிறியவை. நடுவில் வீடுகள், கோயில், குட்டை. அதைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட காடுதோட்டங்கள். கிணறு இருந்தால் தோட்டம், வானம் பார்த்த பூமி என்றால் காடு. காட்டில் சோளமும் கம்பும், தோட்டத்தில் ராகியும் பருத்தியும். ஓர் ஊர் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்பதைக் கிணறுகள் முடிவு செய்தன.

அந்தக் கிணறுகளில் கவலை இறைத்தார்கள். ஒரு சோடி எருது வாரி என்னும் சரிவில் பின்னோக்கி ஏறும்போது நீர் அள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கும்; முன்னோக்கி இறங்கும்போது நீரோடு மேலே வரும். சாலின் அடியில் தைத்த தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். விடியும் முன் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் நனையும் நிலம் கொஞ்சம்தான். எருதும் ஆளும் களைக்கும்போது இறைப்பு நின்றது. அதனாலேயே கிணற்றில் ஊற்று தங்கியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலைய மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தபின் மோட்டார்கள் வந்தன. மோட்டாருக்குக் களைப்பு இல்லை.

திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி 1925இல் தொடங்கியது என்பார்கள். 1951இல் நகரின் மக்கள்தொகை 52,479, 1991இல் 2,35,661, 2001இல் 3,44,543. உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்த ஊர், 1970களின் இறுதியில் ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் அந்த ஏற்றுமதி பெருக்கெடுத்தது. பட்டறைகள் நகருக்குள் அடங்கவில்லை. ஒரு வள்ளம் நிலத்தில் விளைந்த பருத்தி தராத பணத்தை அதே நிலத்தில் போட்ட கொட்டகையின் வாடகை தந்தது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தொழிலாளியாகச் சேர்ந்து, பங்காளியாகி, பின் முதலாளியானார்கள். தோட்டத்தில் பழகிய உழைப்பே தங்கள் முதல் என்று அவர்கள் சொல்வதை ஆய்வாளர் சரத் சாரி 2004இல் ஒரு நூலாகவே எழுதினார்.

மதுரை, தேனி, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதலில் ஆட்கள் வந்தார்கள். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம். அவர்களுக்காகத் தோட்டங்களில் லைன் வீடுகள் எழும்பின. எதிரெதிராக இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறேழு அறை, நடுவில் ஓர் ஆள் நடக்கும் சந்து, கடைசியில் பொதுக் குளியலறையும் ஒரே குழாயும். மின்கம்பத்தில் கட்டிய அட்டையில் ‘டெய்லர், செக்கிங், கைமடி தேவை’ என்று தமிழில் எழுதி, கீழே இந்தியிலும் எழுதியிருக்கும். சனிக்கிழமை வாரச் சம்பளம். அவசர ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட்.

2008இல் திருப்பூர் மாநகராட்சியானது. 2009இல் தனி மாவட்டமும் பிறந்தது. 2011இல் தனி நகராட்சிகளாக இருந்த வேலம்பாளையமும் நல்லூரும் எட்டு ஊராட்சிகளும் மாநகரோடு சேர்ந்தன. 27 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் ஏறத்தாழ 160 ஆக விரிந்து, 60 வார்டுகளாகப் பிரிந்தது. அந்த ஆண்டுக் கணக்குப்படி பழைய எல்லைக்குள் 4,44,352 பேர். புதிய எல்லைக்குள் 8,77,778 பேர். நகரவாசிகள் என்று இன்று எண்ணப்படுவோரில் ஏறக்குறைய பாதிப்பேர், நேற்றுவரை ஊர்ப்புறம் என்று சொல்லப்பட்ட நிலத்தில் குடியிருந்தார்கள். எல்லைக் கோடு நகர்வதற்கு வெகு முன்பே ஊர் நகரமாகிவிட்டிருந்தது.

இயந்திரம் வந்தால் எல்லா ஊரும் இப்படிப் பெருகிவிடுவதில்லை. அமெரிக்காவின் வட எல்லையில், மினசோட்டா மாநிலத்தில், கிட்சன் என்றொரு கவுண்டி இருக்கிறது. சமதளமான வேளாண் நிலம். 1940இல் அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2020இல் 4,207 பேர். பெரிய டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் வர வர, ஒரு பண்ணைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்து, பிள்ளைகள் வெளியூர் போனார்கள். அங்கே இயந்திரம் ஆட்களை அனுப்பிவிட்டு நிலத்தை வைத்துக்கொண்டது. இங்கே தையல் மிஷின் நிலத்தை எடுத்துக்கொண்டு ஆட்களை அழைத்து வந்தது.

வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. தண்ணீர்தான் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005-06 வாக்கில் செயல்பாட்டுக்கு வந்தது. அன்று கிணற்றடியில் கிடைத்த நீர் இன்று ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குழாயில் வருகிறது. இடையில் நொய்யல் சாயக் கழிவில் கெட்டது. ஆற்றைத் தேக்க 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாய நீரைத் தேக்கி நின்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரைத் துளியும் வெளிவிடாத சுத்திகரிப்பு இங்கே நடைமுறையாக ஊன்றியது. நல்லாற்று நீர் சேரும் நஞ்சராயன் குளம் 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கெடுத்ததைத் திருத்தவும் முடியும் என்பதற்கு இவை சான்று.

இழந்தவற்றைச் சொல்லும்போது பெற்றவற்றை மறைக்கக் கூடாது. தோட்டத்து வாழ்வில் நிலமில்லாதவருக்கு, குறிப்பாகப் பண்ணையத்தில் வேலை செய்த அருந்ததியர் குடும்பங்களுக்கு, மழை தப்பினால் கூலி இல்லை. பெய்தாலும் மரியாதை இல்லை. பனியன் கம்பெனி வாசலில் தையல் தெரிந்தால் வேலை. தன் கையில் வாங்கிய சம்பளத்தோடு பெண்கள் வீடு திரும்பினார்கள். ஆனால் அன்று ஊருக்குள் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எந்த வீட்டுக்காரர் என்று எல்லாருக்கும் தெரியும். இன்று ஒரே சந்தில் எதிர் அறையில் இருப்பவர் எந்த மாநிலம் என்பதே தெரியாமல் ஆண்டுகள் கழிகின்றன.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படையாக வைத்து எடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. லைன் வீட்டுக் கதவு ஒவ்வொன்றையும் அப்போது தட்ட வேண்டும். கதவு பூட்டியிருந்தால், ஷிப்ட் முடிந்து ஆள் வரும் நேரத்துக்கு மறுபடியும் போக வேண்டும். குழாயும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் எண்ணிய தலைகளுக்குத்தான் திட்டமிடப்படும். கிணறு இந்த ஊரின் அளவைத் தீர்மானித்த காலம் போய்விட்டது. இனி இங்கே உழைப்பவர் அத்தனை பேரையும் ஊர்க்காரராக எண்ணுகிறோமா என்பதே அதைத் தீர்மானிக்கும்.